நைட் ஷிப்ட்காரர்களின் விலை ஏறியபோது

துளசி பொய் சொல்லப் பழகியது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் அவள் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள். 'வலிக்குமா?' என்று கேட்கிறவர்களிடம், 'வலிக்கும், ஆனா கொஞ்ச நேரந்தான்' என்று உள்ளதைச் சொல்லி அனுப்புவாள். ஞாயிறு காலையில் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கிளம்பினால் மட்டும் நாக்கு வேறு மாதிரிப் புரளும்.

அங்கே மனநல மருத்துவமனையில் அவளுடைய அண்ணன் அர்ச்சுனன் இருந்தான். ஒரு காலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நல்ல வேலைக்காரன், நல்ல வாயாடி. முப்பது வயதைத் தாண்டியபோது திரையில் தெரியும் எழுத்தெல்லாம் தன்னை மட்டும் பார்த்துப் பேசுவதாக அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. போனில் வரும் விளம்பரம், பஸ் நிலையப் பலகையில் ஓடும் எழுத்து, எல்லாம் அவனுக்கு மட்டும் அனுப்பப்பட்ட செய்தி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாகப் பல வருடம் அலைந்த பிறகு, இந்த முறை மருந்து பிடித்துக்கொண்டது. எழுத்துகள் வாயை மூடிக்கொண்டன. ஆனாலும் அவன் போனைக் கையால் தொட மாட்டான்.

"நீ படி துளசி," என்பான். "நீ படிச்சா எழுத்து வெறும் எழுத்தா இருக்கு."

ஆக, அண்ணனுக்கு உலகத்தைப் படித்துக் காட்டுகிற வேலை தங்கையுடையது. அவன் கேட்கிற உலகமும் பெரிதில்லை. கணினிக்குள் நடக்கிற ஒரு பேஸ்பால் ஆட்டம், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடி ஆடுகிற ரவுண்டர்ஸுக்கு அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா என்று பேஸ்பாலைச் சொல்லலாம். தொழிற்சாலைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க இன்ஜினியர் அர்ச்சுனனுக்கு இந்தக் கணினி ஆட்டத்தைக் காட்டிவிட்டுப் போனார். அதில் வரும் ஆட்டக்காரர்கள் யாரும் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. ஆட்டத்தை நடத்தும் கம்பெனி கொடுத்த பெயர்கள், திறமைக்குத் தகுந்த எண்கள், ஒவ்வொரு தலைக்கும் ஒரு விலை. குழு வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் விளையாட்டுப் பணம் நூறு மில்லியன். அந்த வரம்புக்குள் ஆள் பிடித்துக் குழு கட்ட வேண்டும். கட்டிவிட்டால் வாரத்தில் ஐந்து நாள் கணினியே ஆட்டங்களை நடத்தி, காலையில் முடிவைச் சொல்லும்.

அர்ச்சுனன் தன் குழுவுக்குக் கோப்பெங் அட்டைகள் என்று பெயர் வைத்திருந்தான். ரப்பர் தோட்டத்தில் காலைப் பிடித்துக்கொண்டு விடாத அந்த அட்டைதான். கூட ஆடுகிற அமெரிக்கர்கள் கோப்பெங் என்றால் என்ன என்று கேட்டு எழுதுவார்கள். 'ஈயம் தீர்ந்துபோன ஊர்' என்று பதில் போடச் சொல்வான்.

அட்டைகள் இரண்டு முறை கோப்பை வென்றதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. பந்து வீசுகிறவர்களில் இரண்டு வகை. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் வீசுகிறவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் கடைசியில் வந்து கொஞ்சமாக வீசி முடித்துக் கொடுப்பவர்கள். எல்லோரும் முதல் வகைக்கே பணத்தைக் கொட்டுவார்கள். அர்ச்சுனன் இரண்டாம் வகை ஆட்களை மலிவாக அள்ளுவான். அவர்களுக்கு அவன் வைத்த பெயர் நைட் ஷிப்ட்காரங்க.

"நைட் ஷிப்ட்காரனை எவனும் மதிக்க மாட்டான்லா. ஆனா காலையில சாமான் லாரி ஏறணும்னா அவன் முழிச்சிருக்கணும்."

ஹார்லன் என்றொரு நைட் ஷிப்ட்காரன். விலை ஒன்றரை மில்லியன். அர்ச்சுனனுக்கு அவன்மேல் உயிர். அவனைப் போல ஐந்து பேரை வைத்து ஆட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், மிச்சம் பிடித்த பணத்தில் பந்தை அடிக்கிற சூரர்களை வாங்கிப் போடுவான்.

ஜூலை மாதம், ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, அம்மா நல்லம்மாள் குளியலறையில் விழுந்து, மறுநாள் போய்ச் சேர்ந்தார். குடும்பம் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்றபோது கிடைத்த மலிவுவிலை வீட்டில், கோப்பெங்குக்கு வெளியே, அவர் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகன் அர்ச்சுனன். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்.

"டாக்டரைக் கேட்டுட்டு அண்ணனைக் கூட்டிட்டு வந்துறலாம் மாமா," என்றாள் துளசி.

அம்மாவின் தம்பி சதாசிவம் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "இங்க கூட்டியாந்து அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவன் பாக்குறது? கேட்டா தாங்க மாட்டான்லா."

"கேட்டாவது பாக்கலாமே."

"டாக்டருக்கு என்னாடி தெரியும் நம்ம வீட்டு விஷயம்? மொதல்ல அவன் நல்லபடியா வீடு வந்து சேரட்டும். அப்புறம் உக்கார வச்சுப் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

சதாசிவம் தோட்டத்தில் தண்டலாக இருந்தவர். பால்மரம் வெட்டுகிறவர்களை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்களை, மேய்க்கிற வேலை. காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு வீட்டில் சாவு என்று ஆள் வந்தால், வந்த ஆளைத் தண்டல் பால் கொட்டகையிலேயே உட்கார வைத்துவிடுவார். வேலை பாதியில் நின்றால் கோப்பையில் பால் உறைந்துபோகும், அன்றைய கூலியும் போகும். அவன் பாலை எடுத்து வந்து, நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் தோளில் கை போட்டு, 'வீட்டுக்குப் போடா, ஒங்கப்பன் போயிட்டாரு' என்பார். தோட்டத்தில் யாரும் இதைத் தவறாக நினைத்ததில்லை. சதாசிவம் அதைக் கருணை என்றே நம்பினார். செத்தவன் காத்திருப்பான், பால் காத்திருக்காது.

துளசியின் தாத்தா செத்த செய்தியும் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. மாமா சொன்னதற்குச் சாவு வீட்டில் கூடியிருந்தவர்களும் சரி என்று தலையசைத்தார்கள். மருமகன் கனகராஜ், துளசியின் கணவன், மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். முடி வளரும் வரை அவன் மச்சானைப் பார்க்கப் போகக் கூடாது என்றும் அப்போதே முடிவானது. ஆஸ்பத்திரிக்கும் யாரும் சொல்லவில்லை. நர்ஸ் அம்மாவை விசாரித்தபோது நன்றாக இருக்கிறார் என்று துளசி சிரித்தாள்.

இரண்டாவது காரியம், அஸ்தி கரைத்துவிட்டு வந்த அன்று போனில் வந்தது. புதிய சீசனுக்கான விலைப் பட்டியல். அதிகம் பேர் வாங்கிய ஆட்டக்காரனின் விலையைக் கம்பெனி வருடா வருடம் ஏற்றும், யாரும் சீண்டாதவன் விலையை இறக்கும். அட்டைகளின் வெற்றியைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நைட் ஷிப்ட்காரர்களை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். பலன், அந்த வகை ஆட்கள் எல்லோருக்கும் விலை எகிறிவிட்டது. ஒன்றரை மில்லியன் ஹார்லன் இப்போது எட்டு மில்லியன்.

துளசிக்கு அன்று எதையும் யோசிக்கத் தெம்பில்லை. பெரிய கெட்ட செய்தியை மறைத்தாகிவிட்டது, இதை மட்டும் ஏன் சொல்வானேன் என்று தோன்றியது. அவன் உயிராக நினைக்கிற சூத்திரம் செத்துப்போனது என்று எந்த வாயால் சொல்வது?

"இந்த வருஷம் வெலை மாறலண்ணே," என்றாள் அடுத்த ஞாயிறு.

"மாறலையா? விட மாட்டானுங்களே."

"கம்பெனியில ஆள் கொறைச்சலாம்."

"அதிர்ஷ்டந்தான் போ," என்றான் அர்ச்சுனன். "பழைய ஆளுங்களையே போடு."

அவள் பழைய ஆட்களையே போட முயன்றாள். அண்ணன் எப்போதாவது ஹார்லனைப் பற்றிக் கேட்டால், அவன் குழுவில் இருக்கிறான் என்ற ஒரு வார்த்தையாவது உண்மையாக இருக்கட்டும் என்று புது விலைக்கே அவனையும் இன்னும் இரண்டு பேரையும் வாங்கினாள். அதிலேயே கைப்பணம் கரைந்தது. மிச்சத்துக்குக் கிடைத்த அடிப்பவர்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தை வேடிக்கை பார்த்தார்கள். அட்டைகள் தோற்றன. தோற்றுக்கொண்டே இருந்தன. வார முடிவில் அவள் அத்தனையையும் திருப்பிப் போட்டு, வெற்றியாகப் படித்தாள். கேட்கக் கேட்க அண்ணன் முகம் மலரும். திரும்பி வரும்போது அவளுக்கும் மனம் லேசாக இருக்கும். பொய்யில் அப்படி ஒரு ருசி உண்டு.

துளசி பிடித்துக்கொள்ளும் போனில் அம்மா வழக்கம்போலப் பேசாததற்கும் காரணம் தயாராக இருந்தது. ஒரு வாரம் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாரம் காது சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் மறுபடி தொண்டை.

செப்டம்பரில் டாக்டர் துளசியைக் கூப்பிட்டனுப்பினார். இளம்வயது மலாய்ப் பெண். அர்ச்சுனன் நன்றாகத் தேறியிருக்கிறான், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம், புதன்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்றார். கொஞ்ச நாளாக ஒரு சின்னச் சிக்கல், அதற்கு மருந்தை ஏற்றியிருக்கிறோம், அதனால் கை நடுக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். என்ன சிக்கல் என்று துளசி கேட்கவில்லை. அண்ணன் வரப்போகிறான் என்ற நினைப்பில் காது அடைத்துக்கொண்டது.

வீட்டில் கனகராஜ் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தான். பின் அறையைக் காலி செய்து, சுவருக்குச் சாயம் அடித்திருந்தான். அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி நேரே இங்கே கூட்டி வந்துவிடுவது, ஒரு வாரம் கழித்து மாமாவை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்வது. திட்டம் அதுதான். பால் கொட்டகை வரைக்கும் வந்தாகிவிட்டது. இனி நிறுக்க வேண்டியதுதான் பாக்கி.

புதனுக்கு முந்தைய ஞாயிறு, ஆஸ்பத்திரி அங்சானா மரத்தடி பெஞ்சில் அர்ச்சுனன் காத்திருந்தான். துளசி வாங்கி வந்த சோயா பாலில் உறிஞ்சுகுழலைச் செருக அவனுக்கு நேரம் பிடித்தது. கை நடுங்கியது. வாய் மட்டும் நடுங்கவில்லை.

"என்ன, நம்ம அட்டைங்க ரத்தம் குடிச்சுதா?"

"குடிச்சுதுண்ணே. அஞ்சு ஆட்டத்துல நாலு."

"வயிறு ரொம்பிருக்கும். ஹார்லன்?"

"வியாழன், வெள்ளி, சனி. மூணு நாளும் கடைசியில வந்து முடிச்சுக் குடுத்தான்."

"எவ்ளோ வீசினான்?"

"ரெண்டு ரெண்டு இன்னிங்ஸ்."

அர்ச்சுனன் குழலை வாயிலிருந்து எடுத்தான். "மூணு நாளு வரிசையா ரெண்டு ரெண்டா? அவன் கை என்ன தண்ணிக் குழாயா?"

"நல்லா வீசுறான்லா இப்ப."

"நல்லா வீசலாம். ஆள் களைச்சுப்போறதையும் கணக்குல எடுக்குற ஆட்டம் இது. ரெண்டாவது நாளே கை போயிரும். மூணாவது நாள் அவனைக் கம்ப்யூட்டர் வெளிய விடவே விடாது."

"அப்ப நான் தப்பாப் படிச்சிருப்பேண்ணே."

"சரி. இப்பப் படி."

துளசி போனை எடுத்தாள். திரை வெளிச்சமானது. கட்டைவிரல் அதன்மேல் அசையாமல் நின்றது. அவன் போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பல் பிடுங்க வந்தவன் நாற்காலியில் உட்கார்வதைப் போல, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அஞ்சுல நாலு தோத்துருச்சு," என்றாள் கடைசியில்.

"ம்."

"ஹார்லன் ஒரு நாள்தான் வந்தான். அடி வாங்கினான்."

"அவன் வெலை என்ன?"

"எட்டு."

அர்ச்சுனன் முதலில் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். நிஜமான சிரிப்பு, பெஞ்சே ஆடியது. "எட்டா. நம்ம ஹார்லனா. எட்டு மில்லியனுக்கு அவன் பந்து வீசினாப் பத்தாது துளசி, ஆட்டம் முடிஞ்சு எல்லாருக்கும் தே தாரேக் ஆத்திக் குடுக்கணும்."

"எல்லா நைட் ஷிப்ட்காரனுக்கும் ஏறிருச்சுண்ணே. சீசன் ஆரம்பத்துலயே."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தாங்காதுன்னு நெனச்சேன்."

"வெலை ஏறுனதா? அது வருஷா வருஷம் மாறும். மாறுறதுதானே ஆட்டமே. மாறலன்னா எனக்கு இதுல என்ன வேலை?" அவன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஹார்லனைத் தூக்கு. மத்த ரெண்டு பேரையும் தூக்கு. எல்லாரும் நைட் ஷிப்ட் பின்னாடி ஓடியிருக்கானுங்க. அப்படின்னா பகல் ஷிப்ட்காரன் வெலை எறங்கியிருக்கணும். பாரு, நீளமா வீசுற ஆளுங்க. வேகமா வீசுறவன் வேணாம், கெழட்டுப் பசங்களாப் பாரு."

அவள் தேடினாள். இறங்கியிருந்தது. போன சீசனில் பத்து மில்லியனுக்கு விலைபோனவர்கள் ஐந்துக்கும் நாலுக்கும் கிடந்தார்கள். யாரும் சீண்டாமல் வரிசையாக இருந்தார்கள்.

"இருக்காங்கண்ணே."

"மூணு பேரைப் பிடி. எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் அவனே வீசட்டும். அப்ப கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு எவன் வந்தாலும் போதும்."

"ஆனா இவனுங்க பந்தை எல்லாரும் அடிப்பாங்களே."

"அடிக்கட்டும். அடிச்சா ஓடிப்போய்ப் பிடிக்கிறதுக்கு ஆள் வை. பந்து பிடிக்கத் தெரிஞ்சவங்கள்ல பாதிப்பேருக்கு அடிக்கத் தெரியாது. அதனாலயே அவன் மலிவா இருப்பான். மிச்சப் பணத்துல அடிக்கிறதுக்கு ரெண்டு முரடனுங்க போதும்." அவன் சோயா பாலை உறிஞ்சினான். "இந்த சீசன் போனது போச்சு. நடுவுல வந்துறலாம். மொதல்லயே சொல்லியிருந்தா கோப்பைக்குப் பாத்திருக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு பொட்டலம் சோயா பால் குடித்து முடிப்பதற்குள் செத்துப்போன குழுவை அவன் எழுப்பி உட்கார வைத்துவிட்டான். எதைக் கேட்டால் உடைந்துபோவான் என்று அவள் இரண்டு மாதமாகப் பூட்டி வைத்தாளோ, அதைக் கேட்டு அவன் சிரித்திருந்தான். இன்னொரு பூட்டு இருக்கிறதே.

அர்ச்சுனன் காலி பொட்டலத்தை மடித்தான். மறுபடி மடித்தான்.

"வேற என்ன மாறிருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே." வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படிப் பழகியிருந்தது.

"மாப்ள வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அம்மாவுக்குத் தொண்டை கட்டினது இன்னும் சரியாவல. அது தொண்டை கட்டினா சும்மா இருக்குற ஆளா? பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேக்குற மாதிரி இருமியாவது காட்டும்." அவன் குரல் ஏறவே இல்லை. "நீ பொய் சொல்றேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு துளசி. ஆனா எனக்குத் தோணுறதை நான் நம்பக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷமாப் படிச்சிருக்கேன். இது நோவு, மறுபடி தலைதூக்குதுன்னு நெனச்சேன். நானே டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். டாக்டர், எந்தங்கச்சி மேல சந்தேகம் வருது, அவ எதையோ மறைக்கிறான்னு மண்டைக்குள்ள ஓடுதுன்னு. அவங்க மாத்திரையைக் கூட்டினாங்க."

அவன் நடுங்கும் கையை நீட்டிக் காட்டினான். குற்றம் சாட்டுகிறவன் மாதிரி இல்லை. பழுதான சாமானைச் சூப்பர்வைசரிடம் காட்டுகிற டெக்னீஷியன் மாதிரி.

"அம்மா போயிருச்சா?"

துளசி ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயால சொல்லு."

"போயிருச்சுண்ணே."

"எப்போ?"

"ஜூலையில. குளியலறையில விழுந்துருச்சு. மறுநாளு..."

"கொள்ளி யாரு?"

"அவருதான் வச்சாரு."

"மொட்டை போட்டானா?"

"போட்டாரு."

"அதான் வரல," என்றான் அர்ச்சுனன். மடித்த பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தான். "அப்ப எம்மண்டை சரியாத்தான் இருந்திருக்கு."

அவன் கத்தவில்லை. விழவில்லை. இரண்டு மாதமாக அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டான், அவள் சொன்னாள். அம்மா வலியில் கிடந்ததா என்று கேட்டான், இல்லை என்றாள். அதைச் சொன்னபோது அவன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். அது உண்மைதான். ஆனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள்தான் கண்ணைத் தாழ்த்தினாள். பிறகு அவன் எழுந்து வார்டுக்கு நடந்தான்.

அன்று மாலையே துளசி மூன்று நைட் ஷிப்ட்காரர்களையும் விற்று, அண்ணன் சொன்ன மாதிரி கிழவர்களையும் பந்து பிடிப்பவர்களையும் வாங்கினாள். திங்களன்று அட்டைகள் ஜெயித்தன. செவ்வாயும் ஜெயித்தன. அதைச் சொல்வதற்காகவே அவள் புதன்கிழமையை எதிர்பார்த்திருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை. கனகராஜும் லீவு போட்டுவிட்டு வந்தான். தலையில் முடி ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது.

அர்ச்சுனன் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். கூட்டிய மாத்திரை குறைக்கப்படுகிறது என்றார் டாக்டர். இனி வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிக்கலாம் என்று துளசியிடம் மலாயில் மெதுவாகச் சொன்னார். அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பி, வீட்டுக்குப் போகத் தயாரா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றான்.

"மச்சான், ரூம்லாம் ரெடி பண்ணிட்டேன்," என்றான் கனகராஜ். "பச்சைச் சாயம் அடிச்சிருக்கேன், உங்களுக்குப் பிடிச்ச கலர்."

"தெரியும் மாப்ள. உன் மேல கோவம் இல்ல. என் வேலையை நீ செஞ்சிருக்க, அதுக்கு நான் உனக்குக் கடன்பட்டவன்." அவன் துளசியைப் பார்த்தான். "எது நெசம், எது என் மண்டை பண்ற வேலைன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாமத்தானே நான் இங்க வந்தேன். இவ படிச்சா அது நெசம். அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். இப்ப அந்த வீட்டுக்கு வந்து நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்?"

"இனிமே பொய் சொல்ல மாட்டேண்ணே."

"சரி. அதை நான் எதை வச்சுப் பாக்குறது?"

துளசி டாக்டரைப் பார்த்தாள்.

"இங்க ஊசி போட்டா, வலிக்கும்னு சொல்லிட்டுப் போடுறாங்க," என்றான் அர்ச்சுனன். "எனக்கு அது போதும்."

துளசி கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "நீங்க சொன்ன மாதிரியே குழுவை மாத்திட்டேண்ணே. திங்களும் ஜெயிச்சுது. நேத்தும் ஜெயிச்சுது. அந்தக் கெழவன் எட்டு இன்னிங்ஸ் முழுசா வீசினான். நெசமாண்ணே." போனைத் திருப்பி அவன் பக்கம் நீட்டினாள். அவன் பார்க்க மாட்டான் என்று தெரிந்தும் நீட்டினாள்.

அர்ச்சுனன் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. தூரத்தில் போகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்க முயல்கிறவன் பார்வை அது.

"இருக்கலாம்," என்றான்.

இன்னும் ஆறு மாதம் கழித்து மறுபடி பேசலாம் என்று டாக்டர் முடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாமா என்று துளசி கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், வேண்டுமென்றால் நானே சொல்லி அனுப்புகிறேன் என்றான் அவன்.

கனகராஜ் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனான். துளசி வாசல் நிழலில் நின்றாள். போன் அடித்தது. சதாசிவம் மாமா.

"என்னாச்சு, வாரானா?"

"வரல மாமா."

"ஏன்லா?"

"அம்மா விஷயம் தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்லா. கேட்டா தாங்க மாட்டான்னு."

"அதைத் தாங்கிட்டாரு மாமா. நம்மளத்தான் அவரால தாங்க முடியல."

சதாசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி, அவன் விதி. அப்ப கோப்பெங் வீட்டைச் சும்மா பூட்டி வச்சா கரையான் பிடிக்கும். வாடகைக்கு வேணும்னு ஒருத்தன் கேக்குறான். என்னா சொல்ல?"

"கேட்டுச் சொல்றேன் மாமா," என்றாள் துளசி.

யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.